டப்பா வீடு

திண்டிவனத்திலிருந்து செஞ்சிக்குப் போகிற வழியில், நெல்லும் மணிலாவும் விளைந்த நிலங்களில் இப்போது மனைப்பிரிவுகள். வளைவு, கொடிகள், எண் எழுதிய கற்கள். வீடுகள் பிறகுதான் வரும், விதிகள் முதலிலேயே வந்துவிடும். சுற்றுச்சுவரும் சங்கமும் உள்ள மனைப்பிரிவு என்றால் அந்த விதிகளில் இப்படி ஒன்று இருக்கக்கூடும்: கான்கிரீட் கட்டடம் மட்டுமே. ஷெட், கன்டெய்னர், ரெடிமேட் வீடு கூடாது. பேச்சில் இது இன்னும் தெளிவாக வரும்: "நீங்க பாட்டுக்கு லாரியில ஒரு டப்பாவைக் கொண்டாந்து இறக்கிட்டா, எங்க பிளாட்டு ரேட்டு என்ன ஆகறது?"

தொழிற்சாலையில் பகுதி பகுதியாகச் செய்து, மனையில் கொண்டுவந்து பொருத்தும் வீட்டை அனுமதிக்கலாமா என்பது சின்னக் கேள்விதான். ஆனால் அதற்குள் இன்னொன்று இருக்கிறது. என் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் உரிமை என் பக்கத்து வீட்டுக்காரருக்கு எதுவரை உண்டு?

அப்படி உரிமையே கிடையாது என்று சொல்லமாட்டேன். செஞ்சிக் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகளின் வரிசையில் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன்பே, 2010-இல் திருத்தப்பட்ட தொல்லியல் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாகக் கட்டத் தடை. அதற்கப்பால் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கியாக வேண்டும். அங்கே குடியிருப்பவர்களுக்கு இது சுமைதான். ஆனால் காரணம் வெளிப்படையானது. பங்களா கட்டுபவருக்கும் ஓட்டு வீடு கட்டுபவருக்கும் அதே அளவுகோல்.

பாதுகாப்பு இன்னொரு நியாயமான காரணம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. விழுப்புரம் மாவட்டமே தண்ணீரில் நின்றது. காற்றில் பிய்த்துக்கொண்டு போகும் கூரை பக்கத்து வீட்டில்தான் போய் விழும். ஆகவே அஸ்திவாரத்தோடு சரியாகப் பிணைத்திருக்கிறதா, காற்றைத் தாங்குமா, தீப்பிடிக்குமா என்று சங்கம் கேட்கட்டும். ஆனால் அதே கேள்விகளைக் கான்கிரீட் வீட்டிடமும் கேட்க வேண்டும். வாய்க்காலை மூடித் தளம் போட்ட வீடு பக்கத்து மனைக்குத் தண்ணீரைத் தள்ளும். அது செங்கல்லா, இரும்பா என்று தண்ணீர் பார்க்காது.

மென்பொருளில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு பகுதி மற்ற பகுதிகளுக்கு என்ன தருகிறது, அவற்றை எப்படிப் பாதிக்கிறது என்பதற்கு விதி எழுதுவோம். உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது செய்தவர் பாடு. வீட்டுக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

சரி, அப்படியானால் 'டப்பா' என்ற சொல்லில் ஏன் அவ்வளவு வெறுப்பு? வல்லம் ஒன்றியம் போன்ற இடங்களில் கூரை வீட்டில் பிறந்து, தீக்கும் மழைக்கும் பயந்து வளர்ந்தவருக்கு மெத்தை வீடு என்பது வெறும் கட்டடம் இல்லை, மரியாதை. அரசுக்கும் இது தெரியும். 2030-க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்கோடு 2024-இல் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம், வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தந்து கான்கிரீட் கூரையைத்தான் போடச் சொல்கிறது. அவ்வளவு பாடுபட்டு ஏறி வந்தவர் பக்கத்தில் ஒரு தகடு வீட்டைப் பார்த்தால், மறுபடி கீழே இழுப்பதுபோல் இருக்கும். அந்த உணர்வைக் கேலி செய்ய முடியாது.

ஆனால் அந்த உணர்வு விதியாகும்போதுதான் சிக்கல். வீட்டின் தோற்றத்தைக் கொண்டு மனிதரை அளப்பது நமக்குப் பழகிய வேலை. 19-ஆம் நூற்றாண்டின் திருவிதாங்கூரில் நாடார்கள் குடை பிடிக்கக் கூடாது, ஒரு தளத்துக்கு மேல் வீடு கட்டக் கூடாது என்று கட்டுப்பாடு இருந்தது. அன்று 'உயரமாகக் கட்டாதே' என்றார்கள். இன்று 'மலிவாகக் கட்டாதே' என்கிறோம். இன்றைய விதியில் சாதி எழுதப்படவில்லை. ஆனால் யார் உள்ளே வர முடியாது என்பதை இதுவும் தீர்மானிக்கிறது.

பொருள் ஒன்றாகவே இருந்தாலும் பார்வை மாறுகிறது. ஈசிஆர் பக்கம் கன்டெய்னர் அறையில் ஒரு இரவு தங்கினால் ஸ்டோரி போடுகிறோம். சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்பு கான்கிரீட் பாகங்களைப் பொருத்தி, ஏழைகளுக்கென 1,152 வீடுகளை அரசே கட்டி 2022-இல் திறந்தது. அங்கே அது நவீனத் தொழில்நுட்பம். அதே முறையில் செய்த வீட்டை ஒருவர் நம் தெருவில் வைத்தால் மட்டும் டப்பா.

"கையெழுத்துப் போட்டுத்தானே வாங்கினீங்க?" என்பது வலுவான வாதம். தெரிந்து ஒப்புக்கொண்டதை மீறுவது சரியில்லைதான். ஆனால் கையெழுத்து ஒரு விதிக்குக் கட்டுப்பட வைக்கும், அந்த விதியை நியாயமாக்காது. விதியைச் சங்கமே கூடி மாற்றலாம். மாற்ற வேண்டும் என்பதுதான் என் தரப்பு.

மிஞ்சுவது விலை. ரெடிமேட் வீடு வந்தால் மனை விலை குறையலாம். கடன் வாங்கி மனை போட்டவருக்கு அது உண்மையான பயம். ஆனாலும் என் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குக் கடன்பட்டிருப்பது சிலவற்றுக்குத்தான்: என் வாசலில் தண்ணீர் நிற்கக் கூடாது, அவர் கூரை என் மேல் விழக் கூடாது, நடுவில் விட வேண்டிய இடத்தை விட வேண்டும். என் மனையின் விலையைக் காப்பாற்றும் வேலை அவருடையது அல்ல. அதற்காக அவர் பத்து வருஷம் கூடுதலாக இஎம்ஐ கட்ட வேண்டும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.