சிந்துவது பலர், கூட்டுவது ஒருவர்

தவணைப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டதும் நம் வீடுகளின் கோலமே மாறிவிடுகின்றது. சித்திரை விடுமுறையானால் சொல்லவே வேண்டியதில்லை. வெயிலுக்கு அஞ்சி உள்ளே அடைபட்ட பிள்ளைகள் விறாந்தையை விளையாட்டுத்திடல் ஆக்கிவிடுகின்றனர். நுங்குக் கோம்பையில் செய்த வண்டில் நடுவறை வரை ஓடிவந்து நிற்கின்றது. கதிரையின் முதுகில் ஈரத் துவாய். மேசையின்மேல் தேநீர் குடித்த பேணி. வாசலில் ஆளுக்கொரு திசையைப் பார்த்தபடி செருப்புகள். காலையில் கூட்டிய வீடு பத்து மணிக்குள் கூட்டாத வீடாகிவிடுகின்றது.

இந்த நிலைமையைத் தாய்மார் இரு விதமாக எதிர்கொள்வதைக் காண்கின்றோம். சிலர் ‘அதைத் தொடாதே, இதை இழுக்காதே’ என்று தும்புத்தடியும் கையுமாகப் பிள்ளைகளின் பின்னாலேயே திரிகின்றனர். வேறு சிலரோ, ‘பாவம் பிள்ளைகள், தவணை முழுவதும் பள்ளிக்கூடம், ரியூசன் என்று அலைந்தவர்கள், கொஞ்ச நாளைக்கு அவர்கள் பாட்டில் இருக்கட்டும்’ என்று விட்டுவிட்டு, எல்லாரும் உறங்கிய பின் தாமே அனைத்தையும் எடுத்து அடுக்குகின்றனர். முன்னவர் கண்டிப்பானவர், பின்னவர் அன்பானவர் என்று ஊர் சொல்லும். சற்று ஆழ்ந்து நோக்கினால் இரு வீடுகளிலும் நடப்பது ஒன்றே. சிந்துவது பலர்; கூட்டுவது ஒருவர்.

யாருடைய முதுகு வளைகின்றது?

வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பது அழகுக்கும் சுகாதாரத்துக்கும் உரிய விடயம் என்றே நாம் எண்ணுகின்றோம். அது நீதிக்கும் உரிய விடயம் என்பதை எத்தனை பேர் சிந்திக்கின்றோம்? நிலத்திலே கிடக்கும் மாங்கொட்டையில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. ஆனால் அது தானாக எழுந்து குப்பைக் கிடங்குக்குப் போகப்போவதில்லை. யாரோ ஒருவருடைய முதுகு வளைவதற்காக அது அங்கே காத்துக் கிடக்கின்றது. அந்த முதுகு யாருடையது என்பதே இங்கு எழும் ஒழுக்கக் கேள்வி.

ஆகவே எல்லாக் குழப்பத்தையும் ஒரே தராசில் நிறுத்தல் ஆகாது. இரண்டு கதிரைகளுக்கு நடுவே அம்மாவின் பழைய சேலையைக் கட்டிப் பிள்ளைகள் கூடாரம் அமைத்திருந்தால், அதில் அவர்களுடைய கற்பனையும் உழைப்பும் இருக்கின்றன. நாளைக்கும் அது அங்கேயே இருக்கட்டும். வீடு இடிந்து விழுந்துவிடாது. ஆனால் சாப்பிட்ட கோப்பையைச் சாப்பிட்ட இடத்திலேயே விட்டு எழுந்து போகும் பிள்ளையின் செயலில் விளையாட்டு ஏதும் இல்லை. ‘இதை எடுப்பதற்கு வேறு ஆள் உண்டு’ என்ற எண்ணம் மட்டுமே உண்டு. முதலாவதைப் பொறுத்துக்கொள்வது அன்பு. இரண்டாவதைப் பொறுத்துக்கொள்வது, மற்றவருடைய உழைப்பை மதியாதிருக்கப் பிள்ளையைப் பழக்குவதாகும்.

பழைய விதி ஒன்று

ஒன்றாக வாழ்வோர் மத்தியில் இந்தப் பிரச்சினை எழுவது இன்று நேற்று அல்ல. நம் முன்னோர் ஆசீர்வாதப்பர் என்று அழைத்த புனித பெனடிக்ற் 6ஆம் நூற்றாண்டில் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்குவிதியின் 35ஆம் அதிகாரம் குசினி வேலையைப் பற்றியது. சகோதரர்கள் வாரத்துக்கு வாரம் முறைவைத்து ஒருவருக்கொருவர் பணி செய்ய வேண்டும் என்றும், நோயாளிகளையும் முக்கிய அலுவலில் ஈடுபட்டிருப்போரையும் தவிர எவரும் விலக்குப் பெறலாகாது என்றும் அவர் விதித்தார். முறை முடிகின்றவர் சனிக்கிழமையன்று எல்லாவற்றையும் துப்புரவாக்கி, சகோதரர்கள் கைகால் துடைத்த துணிகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாகவும் பழுதின்றியும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பலம் குறைந்தவர்கள் மனவருத்தமின்றிச் செய்யும்படி அவர்களுக்கு உதவியாள் கொடுக்கவும் அவர் மறக்கவில்லை. அந்த மடத்தில் இருந்தவர்கள் அனைவரும் ஆண்கள் என்பதை நம் வீட்டு ஆண்கள் கவனிக்க வேண்டும்.

சிறு பிள்ளைகளால் இது இயலுமா என்று கேட்பவர்களுக்கு மரியா மொன்ரிசோரி அம்மையாரின் அனுபவம் பதில் தருகின்றது. 1907இல் உரோமாபுரியின் சான் லொறன்சோ என்ற ஏழைத் தொழிலாளர் பகுதியில் அவர் தமது முதலாவது குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் அலுமாரிகளை அமைத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இடத்தை வகுத்தார். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பதில் சின்னஞ்சிறு பிள்ளைகளும் இன்பம் காண்பதை அவர் கண்டார். 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து நம் அயலிலும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர் அவர். துவாய் போடும் கொடியைப் பெரியவர்களின் உயரத்தில் கட்டிவிட்டு, துவாய் கதிரையில் கிடக்கின்றதே என்று ஐந்து வயதுப் பிள்ளையை ஏசுவதில் நியாயம் உண்டா?

மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்றா?

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கசக்கலாம். நமது வீடுகள் பலவற்றில் விடுமுறை வந்ததும் மகனின் கைக்கு மட்டை வருகின்றது. மகளின் கைக்குத் தும்புத்தடி வருகின்றது. ‘அவன் ஆம்பிளைப் பிள்ளை, விடு’ என்று தாயே சொல்வதுண்டு. தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வும், இந்நாட்டில் சம்பளமில்லா வீட்டு வேலையில் பெண்கள் ஆண்களைவிட மிகக் கூடுதலான நேரத்தைச் செலவிடுவதையே காட்டிற்று. அந்த வேற்றுமை கலியாண வீட்டுப் பந்தலில் தொடங்குவதில்லை. பத்து வயதில், தம்பி எழுந்து போன இடத்தில் அக்கா குனிந்து கோப்பையை எடுக்கும்போதே தொடங்கிவிடுகின்றது. முன்னேர் போன வழியேதான் பின்னேர் போகும். தகப்பனார் கழற்றிய சேட்டைக் கதிரையில் எறிந்துவிட்டு மகனுக்குப் புத்தி சொன்னால், மகன் சேட்டைத்தான் பார்ப்பானே அன்றிச் சொல்லைக் கேட்கமாட்டான்.

‘பிள்ளைகள் செய்தால் வேலை ஒழுங்காக வராது, நானே செய்தால் அரைவாசி நேரத்தில் முடியும்’ என்பார் தாய்மார். உண்மையே. மூலையில் தூசி மிஞ்சும். சில வேளை ஒரு கண்ணாடிக் கிளாசும் உடையும். ஆனால் நாம் பழக்குவது நிலத்தை அல்ல, பிள்ளையை. வேறு சிலர், ‘வீட்டுக்கு ஆட்கள் வந்தால் என்ன நினைப்பார்கள்?’ என்று சொல்லி அவசரமாக அடுக்குவிக்கின்றனர். அதனால் பிள்ளை கற்பது பிறருடைய கண்ணுக்குப் பயப்படுவதை மட்டுமே. வீட்டில் தன்னோடு வாழ்பவரின் களைப்பைக் காண அது கற்பதில்லை.

ஆகவே, பெற்றோரே, விடுமுறையின் முதல் நாளிலேயே பிள்ளைகளை அழைத்து இருத்திப் பேசுங்கள். முற்றம் கூட்டுவது, கோப்பை கழுவுவது, தண்ணீர் அள்ளி வைப்பது என்று வேலைகளை எழுதி, ஆண் பெண் என்று பாராமல் வாரமுறை வையுங்கள். தகப்பனாரின் பெயரும் அதில் இருக்கட்டும். மாலைச் செபத்துக்குக் கூடுமுன் கால் மணி நேரம் எல்லாரும் சேர்ந்து வீட்டை ஒதுக்குங்கள். மிகுதி நேரம் அவர்கள் ஆசை தீர விளையாடட்டும்.

இரவில் உங்கள் வீட்டில் கடைசியாகப் பாயில் சாய்பவர் யார், அவர் எதற்காக விழித்திருக்கின்றார் என்று ஒரு கிழமைக்குக் கவனித்துப் பாருங்கள். ஏழு நாளும் அவர் ஒருவரே என்றால், வீடு எவ்வளவு மினுங்கினாலும் அங்கே இன்னும் ஒழுங்கு வரவில்லை.