ஒட்டுப்போட்ட ஊர்தி

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்தை ஒட்டி அமைந்தது மாக் மண்டின். தொழிற்பேட்டையும் குடியிருப்பும் தமிழ்ப்பள்ளியும் அருகருகே உள்ள ஊர் அது. இத்தகைய ஊர்களில் பழைய வண்டி என்பது காட்சிக்கூடத்துப் பொருளன்று. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதும் அதுவே. சந்தைக்குக் காய்கறி கொண்டு செல்வதும் அதுவே. கடற்காற்றின் உப்பும், ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும், ஓயாத வெம்மையும் சேர்ந்து இரும்பை அரிக்கின்றன. கதவின் அடிவிளிம்பிலும், சக்கரத்தின் மேல்வளைவிலும், மிதியடி விரிப்பின் அடியிலும் துரு முதலில் குடியேறும். அறுத்தெடுத்துத் தகடு வைத்துப் பற்றவைப்பது பட்டறைகளில் நாள்தோறும் நிகழும் பணி. அந்தப் பணியின் நடுவே மெய்யியலார் ஈராயிரம் ஆண்டுகளாகக் கேட்டுவரும் வினா ஒன்று மறைந்து கிடக்கிறது.

படுக்கையும் அடுப்பும் நீர்த்தொட்டியும் கொண்ட 'கேம்பர் வேன்' என்னும் வண்டியில் அவ்வினா மிகத் தெளிவாக எழுகிறது. அது வண்டியும் ஆகும், வீடும் ஆகும். அதன் வரலாறு நெடியது. 1947-ஆம் ஆண்டில் பென் போன் என்ற டச்சு வணிகர் தம் குறிப்பேட்டில் வரைந்த எளிய கோட்டுப்படத்திலிருந்து பிறந்தது ஃபோக்ஸ்வாகன் வேன். 1950-இல் அதன் உற்பத்தி தொடங்கியது. இயந்திரம் பின்புறத்தில் இருந்தது, காற்றால் குளிர்வது, தொடக்கத்தில் அதன் ஆற்றல் 25 குதிரைத்திறனே. மறு ஆண்டிலேயே வெஸ்ட்ஃபாலியா என்ற செருமானிய நிறுவனம் அதற்குள் படுக்கையும் அலமாரியும் அமைத்து விற்கலாயிற்று. அன்று வந்தவற்றுள் சில இன்றும் ஓடுகின்றன. ஆயினும் எந்த ஒன்றும் பிறந்த மேனியோடு ஓடவில்லை. இயந்திரம் மாறியிருக்கும், தரை மாறியிருக்கும், மின்கம்பிகள் மாறியிருக்கும், இருக்கைத் துணி மூன்று முறை மாறியிருக்கும். இவ்வளவும் மாறிய பின் 'அதே வண்டி' என்று உடையவர் சொல்வது எதைக் கொண்டு?

ஏதென்சு நகரத்தார் தீசியசின் கப்பலை நெடுங்காலம் காத்தனர் என்றும், உளுத்த பலகைகளை அகற்றிப் புதியன பொருத்தினர் என்றும், அது அதே கப்பலா அன்றா என அறிஞர் வழக்கிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதினார். பதினேழாம் நூற்றாண்டில் தாமசு ஆப்சு இவ்வழக்கை மேலும் சிக்கலாக்கினார். கழற்றிய பழம்பலகைகளை ஒருவன் சேர்த்து வைத்து, அவற்றைக் கொண்டே மற்றொரு கப்பல் கட்டினால் எது உண்மைக் கப்பல் என்று கேட்டார். கீழை நாட்டிலும் இவ்வாராய்ச்சி உண்டு. கிரேக்க மரபினனாகிய மிலிந்த மன்னனிடம் நாகசேனர் என்னும் பௌத்தத் துறவி, தேர் என்பது சக்கரமா, அச்சா, நுகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, இவற்றுள் எதுவும் தேரன்று என ஒப்புக்கொள்ள வைத்தார். உறுப்புகள் ஒன்றுகூடிய வழி வழங்கும் பெயரே தேர் என்பது அவர் காட்டிய முடிவு.

ஆப்சு கற்பனையில் கண்டது மலேசியாவில் வாணிகமாகவே நடக்கிறது. ஜப்பானில் ஓடிய வண்டிகளைக் குறுக்கே அறுத்து, இயந்திரம் உள்ள பாதியை மட்டும் கப்பலேற்றிக் கொணர்ந்து விற்பர். அதற்கு 'ஹாஃப் கட்' என்றே பெயர். அந்தப் பாதியின் இயந்திரம் ஒரு வேனுக்குள் புகும். கதவு மற்றொன்றுக்குப் போகும். விளக்கு வேறொன்றில் எரியும். எந்த வண்டி எதுவென மெய்யியலார் தடுமாறலாம், பட்டறைக்காரர் தடுமாறுவதில்லை. சட்டமும் தடுமாறுவதில்லை. வண்டியின் உடற்சட்டத்தில் பொறித்த சேஸி எண் எதுவோ அதுவே வண்டி. புஸ்பாகோம் போன்ற ஆய்வு நிலையங்களில் அந்த எண்ணையும் இயந்திர எண்ணையும் பதிவுச் சான்றோடு ஒப்பிடுவர். இயந்திரத்தை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் பதிய வேண்டும். சரக்கு வேனைத் தங்கும் வேனாக ஆக்குவதற்கும் முன் இசைவு வேண்டும்.

சட்டத்தின் விடை பயனுடையது, ஆனால் முழுமையானதன்று. சேஸி எண் உள்ள ஒரு சாண் தகட்டை அறுத்தெடுத்து, களவாடிய வண்டியில் பற்றவைக்கும் கயவரும் உலகில் உளர். எண் அதுவே, வண்டி அதுவன்று. மாறாக, எண் உள்ள இடத்தைத் தவிர மற்றெல்லாம் நேர்மையாக மாற்றப்பட்ட வண்டியும் உண்டு. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை எண் காட்டாது. உறுப்புகளின் கணக்கும் காட்டாது. எது எப்போது ஏன் மாற்றப்பட்டது என்பதற்கு விடை சொல்ல ஒருவர் தொடர்ந்து இருந்தாரா என்பதே அதனைக் காட்டும். வண்டியின் ஒருமை இரும்பில் இல்லை. அதனைப் பேணியவரின் பொறுப்பு அறுபடாமல் வந்ததில் உள்ளது.

தமிழர் இதனைப் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. திருவாரூர் ஆழித்தேரை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அலங்கரித்து நிற்கையில் ஏறத்தாழ 96 அடி உயரம் கொண்ட அத்தேர் 1926-இல் தீக்கிரையாயிற்று. 1930-இல் புதிய தேர் ஓடியது. 1948-க்குப் பின் நெடுங்காலம் நிலையிலேயே நின்று, 1970-இல் மீண்டும் வீதிக்கு வந்தது. இன்று அத்தேர் இரும்புச் சக்கரத்திலும் இரும்பு அச்சிலும் ஓடுகிறது; திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனம் அமைத்த நீரழுத்த பிரேக்கும் அதற்கு உண்டு. பழைய மரச்சக்கரம் இல்லை. எரிந்த மரத்தில் ஒரு துண்டும் இல்லை. ஆயினும் வடம் பிடிக்கும் அடியார் எவரும் 'இது வேறு தேர்' என்று சொல்லிக் கையை விட்டதில்லை.

அங்கு நிகழ்ந்த மாற்றத்தின் தன்மையைக் கருத வேண்டும். தேரின் உருவம் மாறவில்லை, வீதி மாறவில்லை, இழுப்பவர் கையும் வடமும் மாறவில்லை. மாறியது சுமை தாங்கும் இடமும் நிறுத்தும் இடமுமே. முட்டுக்கட்டை ஒன்றையே நம்பி அவ்வளவு பெரிய எடையை மக்கள் நெரிசலுக்குள் இழுத்து வருவது எத்தகைய இடர் என்பதைத் தேர்வீதியில் நின்றவர் அறிவர். முன்னோர் செய்தபடியே செய்தல் வேண்டும் என்று பிடிவாதம் கொண்டு உயிரைப் பணயம் வைப்பது மரபுப் பற்று ஆகாது. மரபைக் காக்கும் பெயரால் பிறர் உடலைச் சக்கரத்தின் முன் வைக்க எவர்க்கும் உரிமை இல்லை. பினாங்கிலும் 1894-ஆம் ஆண்டு தொட்டுத் தைப்பூசத்தில் வலம் வரும் வெள்ளித் தேர் உண்டு. பழமையைப் பேணுவது என்றால் என்ன என்று அவ்வூர் மாணவருக்கு விளக்க வேறு எடுத்துக்காட்டு வேண்டாம்.

கேம்பர் வேனை வைத்திருப்போர் இருவகையினர். ஒருசாரார் ஓர் ஆணியும் மாறலாகாது என்பர். 1960-களின் வண்டிக்கு 1960-களின் திருகாணியே வேண்டும் எனத் தேடி அலைவர். மறுசாரார் வண்டியைத் தம் விருப்பம்போல் அறுத்துக் கூரை உயர்த்துவர், சன்னல் வைப்பர், பளபளக்கும் சக்கரம் பூட்டுவர். முதல் வகையினர் அறிவுடையார் போலவும் இரண்டாம் வகையினர் ஆரவாரத்தார் போலவும் தோன்றும். உண்மையில் இருசாராரும் ஒரே பிழையைச் செய்தல் கூடும். இருவரும் வண்டியைத் தம் உடைமையாக மட்டுமே காண்கின்றனர். அதில் ஏறுபவரையும் எதிரே வருபவரையும் காண்பதில்லை.

அந்தப் பழைய வேனின் அமைப்பையே நோக்குக. ஓட்டுநர் முன் அச்சுக்கும் முன்னே அமர்கிறார். அவர் முழங்காலுக்கும் எதிரே வரும் வண்டிக்கும் இடையே மெல்லிய தகடு ஒன்றே உண்டு. தொடக்க கால வண்டிகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்; முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்தது 1970-களின் வாயிலில்தான். அந்த வண்டியில் மரப்பலகை, அலமாரி, அடுப்பு, நீர்த்தொட்டி எல்லாம் ஏற்றும்போது எடை கூடுகிறது. நூறு லிட்டர் நீர் என்பது நூறு கிலோ. நிறுத்தும் ஆற்றல் மட்டும் பழையபடியே இருக்கிறது. மலைப்பாதையில் இறங்கும்போது அந்தக் கணக்கு வெளிப்படும். இங்கு 'அசல் பிரேக்கே வேண்டும்' என்று அடம் பிடிப்பது கலைப்பற்று அன்று, கவனமின்மை.

எரிபொருள் குழாயும் அத்தகையதே. இயந்திரம் பின்னால் சூடேறிக் கிடக்க, மேலே இற்றுப்போன இரப்பர் குழாய் பெட்ரோலைச் சொட்டினால் வண்டி தீப்பற்றும். இவ்வாறு எரிந்துபோன பழைய வேன்கள் பல. சில வெள்ளிக்கு வாங்கத்தக்க குழாயை உரிய காலத்தில் மாற்றாமையே பெரும்பாலும் காரணம். சமையல் வாயு காற்றைவிட எடை மிக்கது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகையால் உருளை வைக்கும் பெட்டியின் அடியில் வெளிநோக்கித் துளை வேண்டும். மேலே சன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்று எண்ணுவோர் வாயுவின் இயல்பை அறியாதோர். மூடிய வண்டிக்குள் அடுப்பை எரியவிட்டு உறங்கினால் கார்பன் மோனாக்சைடு மணமும் நிறமும் இன்றி உயிரைக் கவரும். புதிதாகப் பக்கவாட்டு இருக்கை அமைப்போர் அதனைப் பலகையில் அறைந்து நிறுத்திவிடுகின்றனர்; இருக்கைப் பட்டை வெறும் பலகையில் பூட்டப்பட்டால் மோதலில் பலகையோடு பெயர்ந்து வரும். அது வலுவூட்டிய உடற்சட்டத்தில் பூட்டப்படல் வேண்டும். திரைச்சீலை எந்த வண்ணம் என்பது பற்றி மணிக்கணக்கில் வாதிடும் உலகம் இவற்றைப் பற்றி வாதிடுவது குறைவு.

அப்படியானால் பழைய வண்டியை வைத்திருப்பதே தவறோ என்ற வினா எழும். பிரேசில் நாட்டில் இவ்வேனின் உற்பத்தி 2013-ஆம் ஆண்டு திசம்பரில் முடிவுற்றது. 2014 முதல் புதிய கார்கள் அனைத்துக்கும் காற்றுப்பையும் சக்கரம் பூட்டாமல் காக்கும் பிரேக் அமைப்பும் வேண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் விதித்தது. அவ்வேனில் அவற்றை அமைக்க இயலவில்லை. ஆனால் முன்னமே விற்கப்பட்ட வண்டிகள் ஓடலாம். அதே வண்டி, அதே இடர். ஒன்று தடுக்கப்படுகிறது, மற்றொன்று பொறுத்துக்கொள்ளப்படுகிறது. இது முரண்போல் தோன்றினும் காரணம் உண்டு. உழைத்து வாங்கிய பொருளைத் தெருவில் எறி என்று குடிமகனுக்குக் கட்டளையிட எந்த அரசும் தயங்கும், தயங்கவும் வேண்டும். ஆயின் அந்த விலக்கு உடையவருக்குக் கிடைத்த சலுகை மட்டுமன்று. புதிய வண்டியில் உற்பத்தியாளர் சுமக்கும் கடமை, பழைய வண்டியில் உடையவர் தோளுக்கு மாறிவிடுகிறது.

தில்லியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடலாகாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணையை 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மலேசியாவில் 2009-இல் 15 ஆண்டு கடந்த வண்டிகளுக்குக் கட்டாய ஆய்வு என்று அறிவிக்கப்பட்டு, மக்கள் எதிர்ப்பால் விரைவிலேயே கைவிடப்பட்டது. அகவையைக் கொண்டு வண்டியை அளப்பது எளிது. ஆயினும் நன்கு பேணிய இருபதாண்டு வண்டியும் பேணாத எட்டாண்டு வண்டியும் சாலையில் உண்டு. ஆய்வைக் கண்டு மக்கள் அஞ்சியது வியப்பன்று; புதியது வாங்க வழியற்றவரே பழையதை ஓட்டுகின்றனர். பள்ளி வேன் ஓட்டிப் பிழைப்பவருக்கு வண்டி போனால் தொழில் போயிற்று. ஆனால் அந்த வேனில் அமர்ந்திருப்போர் பிறர் வீட்டுப் பிள்ளைகள். வறுமை பழைய வண்டிக்குக் காரணம் ஆகலாம். தேய்ந்த டயருக்குக் காரணம் ஆக முடியாது. இவ்விடத்தில் ஆய்வை மறுப்பதைவிட, ஆய்வுக்கும் பழுதுபார்ப்புக்கும் உதவி கேட்பதே நேரிய வழியாகும். பொழுதுபோக்காக வேன் வைத்திருப்போருக்கோ இந்தச் சாக்கும் இல்லை. அவர்தம் வண்டி நச்சுப்புகையை மிகுதியாகக் கக்குவது உண்மை. ஆண்டில் சில நாளே ஓடுவதும் உண்மை. ஒரு புதிய வண்டியைச் செய்ய எவ்வளவு இரும்பும் எரியாற்றலும் செலவாகும் என்பதையும் சேர்த்தே அந்தக் கணக்கைப் போடுதல் வேண்டும்.

இறுதியாக, விற்பனையைப் பற்றி ஒன்று. வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளை வாணிகருக்கென்றே வைத்தார். பழைய வேனை விற்பவர் மூடிமறைக்க எளிதானது வண்ணப்பூச்சு. துருவின் மேல் பூசும் 'பட்டி' ஓராண்டு தாங்கும். அதற்குள் வண்டி கைமாறிவிடும். வாங்குபவர் காண்பது மேற்பரப்பு. விற்பவர் அறிவது அடித்தளம். இயந்திரம் எந்த வண்டியிலிருந்து வந்தது, தரைத்தகடு எப்போது மாறியது, எங்கே கம்பி இழுக்கப்பட்டது, எந்த மாற்றத்துக்கு இசைவு பெறப்பட்டது, எதற்குப் பெறப்படவில்லை என்பதெல்லாம் ஒரு குறிப்பேட்டில் அடங்கும். சில பட்டறைக்காரர் அத்தகைய குறிப்பேட்டை வண்டிக்குள்ளேயே வைப்பர். பற்றவைத்த இடமும் நாளும் எண்ணெய்க் கறை படிந்த தாளில் எழுதப்பட்டிருக்கும். வண்டியின் சாவியைக் கேட்கும் முன் வாங்குபவர் கேட்க வேண்டியது அதனையே.