வரப்பில் நின்ற வெள்ளைச் சட்டை

கீழ்பென்னாத்தூர் பக்கம் மல்லாட்டை போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். காய் பிடிக்கிற நேரத்தில் அவர்களுக்குத் தூக்கமே கிடையாது. காட்டுப்பன்றி ஒரே ஒரு ராத்திரி இறங்கினால் போதும், மூணு மாசப் பாடு காலி.

என் மாமாவுக்கு அங்கே கொஞ்சம் நிலம். மாமா பையன் துபாயிலிருந்து வந்தபோது ஒரு நைட் விஷன் பைனாகுலர் வாங்கி வந்தான். கும்மிருட்டில் நாய் ஓடினாலும் தெரியும். மாமா மோட்டார் கொட்டகையில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூணாவது ராத்திரி பன்றி வரவில்லை. கிழக்கு வரப்பில் வெள்ளையாக ஒரு உருவம்தான் நின்றது. நாலாவது ராத்திரியும் நின்றது. ஐந்தாவது ராத்திரியும்.

கிழக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் பங்காளி நிலம். அந்த வரப்புக்காக இரண்டு குடும்பமும் பல வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. "அவன்தான் மாப்ள. வெள்ளைச் சட்டை பளிச்சுனு தெரியுது. ராத்திரியில வந்து கல்லை நகர்த்துறான்" என்றார் மாமா. போலீஸில் கொடுக்க மனு வேண்டும். பத்திரிகையில் எழுதுகிற மருமகன் எதற்கு இருக்கிறான்?

நானும் எழுதினேன். கருவியை நான் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. 'தினமும் இரவு 11 மணியளவில்' என்று ஆரம்பித்து நாலு பாரா. நன்றாகவே வந்திருந்தது!

அன்றைக்கு அத்தையின் தம்பி வந்திருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "வேற பக்கம் திருப்பிப் பாத்தீங்களா மாமா?"

கிணற்றுப் பக்கம் திருப்பினார்கள். வெள்ளைச் சட்டை கிணற்றின் மேல் அந்தரத்தில் நின்றது. தென்னை மரத்துக்குத் திருப்பினால், மட்டைக்கு நடுவில் நின்றது!

விஷயம் இதுதான். இந்த மாதிரிக் கருவியில் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்கு ஒன்று லென்ஸுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அந்த வெளிச்சம் வயலில் பட்டுத் திரும்பி வந்தால்தான் படம். லென்ஸில் தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால், வயலுக்குப் போகவேண்டிய வெளிச்சம் அதில் பட்டு அங்கேயே சிதறி வெள்ளையாக நிற்கும். பகலில் அந்தக் கறை கண்ணில்கூடப் படாது. முறுக்கு தின்ற விரலால் மாமா எப்போதோ தொட்டிருக்கிறார். அவ்வளவுதான்.

ஆனால் என்னை உறுத்தியது முறுக்கு இல்லை. ஒரு வாரமாக மாமா ஏன் வேறு பக்கம் திருப்பவே இல்லை? பன்றி நாலு பக்கமும் வருமே! எங்கே குற்றவாளி இருக்க வேண்டும் என்று மனசு ஆசைப்பட்டதோ, அங்கேயே கருவியும் நின்றுவிட்டது.

நான் வேட்டி நுனியை எடுத்துத் துடைக்கப் போனேன். "கை வெக்காதீங்க!" என்று அதட்டினார் பட்டாளத்துக்காரர். தூசியில் மணல் துகள் இருக்கும். லென்ஸ் மேல் பூசிய பூச்சோ, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. அழுத்தித் தேய்த்தால் கறை போகும், கீறல் நிரந்தரமாகத் தங்கிவிடும். முதலில் ரப்பர் பந்தால் காற்றடித்தார் (வாயால் ஊதினால் எச்சில் தெறிக்குமாம்). அப்புறம் மெல்லிய பிரஷ். கடைசியில்தான் லென்ஸ் துணியில் ஒரு சொட்டு திரவம் விட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு, அழுத்தாமல்.

'அப்படியானால் நாம் பார்க்கிற குறையெல்லாம் நம் கண்ணாடியில்தானா?' என்று நீங்கள் கேட்கலாம். அதுவும் இல்லை. எங்கள் ஊருக்கு மேற்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977 மார்ச் 10-ம் தேதி, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தைக் கடந்து போவதை அங்கே 1 மீட்டர் தொலைநோக்கியில் பதிவு செய்தார்கள். கிரகம் நெருங்குவதற்கு முன்பே நட்சத்திர வெளிச்சம் சில விநாடி மங்கியது. கருவிக் கோளாறு என்று தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை. புதிய துணைக்கோளாக இருக்கும் என்று காவலூர்க்காரர்கள் முதலில் கருதினார்கள். அதே நேரம் விமானத்தில் தொலைநோக்கி வைத்துப் பார்த்த அமெரிக்கர்களுக்கு, கிரகத்தின் இரண்டு பக்கமும் அதே மாதிரி மங்கல் பதிவாகியிருந்தது. எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் கிடைத்ததுதான் யுரேனஸின் வளையங்கள்.

நான் பி.காம். டிரயல் பேலன்ஸ் உதைத்தால், வித்தியாசத்தை சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் போட்டு நிறுத்தி வைக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். தப்பு எங்கே என்று தெரிகிற வரை அது அங்கேயே கிடக்கும். யார் தலையிலும் எழுதக் கூடாது. பரீட்சைக்குப் படித்தேன், பாஸும் செய்தேன்.

துடைத்த கருவியை மாமா வாங்கிப் பார்த்தார். வரப்பில் யாரும் இல்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இன்னிக்கு வரலை போல" என்றார்.

மறுநாள் காலை டீக்கடையில் அந்தப் பங்காளி நின்றிருந்தார். "எப்ப வந்தீங்க மாப்ள?" என்று கேட்டு, என் டீக்கும் சேர்த்து அவரே காசு கொடுத்தார். மனு என் சட்டைப் பையில் நாலாக மடித்தபடி இருந்தது.