பழைய காரும் புதிய பெட்டரியும்

இலங்கையின் கிழக்குக் கரையைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் அண்மையில் நம்மிடம் ஒரு கேள்வியுடன் வந்தார். பார்வைக்கு அது மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய கேள்வி. அவரிடம் நிஸான் லீஃப் என்னும் மின்சாரக் கார் ஒன்று இருக்கிறது. 2015ஆம் ஆண்டளவில் ஜப்பானில் ஓடிய இத்தகைய கார்கள் ஆயிரக்கணக்கில் இலங்கைக்கு வந்தபோது வாங்கியது. உடம்பு உறுதியாக இருக்கிறது, பெட்டரிதான் இளைத்துவிட்டது. வேறு பெட்டரி போடுவதா, அல்லது காரை விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவதா? "எது மார்க்கத்துக்கு உகந்தது?" என்று அவர் கேட்டார். "எது லாபம்?" என்று கேட்டிருந்தால் இக்கட்டுரைக்கு அவசியமே ஏற்பட்டிருக்காது.

முதலில் காரின் சங்கதியைப் பார்ப்போம். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த இக்காரின் அடித்தளத்தில் 192 மின்கலங்கள் 48 தொகுதிகளாக அடுக்கப்பட்டுள்ளன. எடை ஏறக்குறைய 300 கிலோ. முழுதாக நிரம்பினால் 24 கிலோவாட் மணி மின்சாரம் கொள்ளும். நம் வீட்டு மின்கட்டணச் சீட்டின் கணக்கில் 24 அலகு. அமெரிக்க அரசின் கணக்குப்படி புதிய காரில் ஒரு தடவை மின்னேற்றினால் ஏறத்தாழ 117 கிலோமீட்டர் போகலாம். ஆனால் பெட்டரியைக் குளிரவைக்க அதில் நீரோட்டம் கிடையாது. வெப்பம் அதற்குப் பகை. 2012ல் அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்து வெயிலில் அக்குறை வெளிப்பட்டது. நம் கரையோர வெயிலும் இலேசானதா என்ன? சகோதரரின் கார் இன்று 50 கிலோமீட்டருடன் மூச்சு வாங்குகிறது.

"நாள்தோறும் எவ்வளவு தூரம் போகிறீர்கள்?" என்று கேட்டோம்.

"கடைக்குப் போய் வர 22 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை மகள் வீட்டுக்குப் போனால் 60. மகன்தான், 'புதுசா ஒண்டு எடுப்பம் வாப்பா' என்று நிற்கிறான்."

ஆக, வாரத்தில் ஆறு நாளைக்கு அந்தப் பழைய பெட்டரியே போதும்! குறை இருப்பது ஒரு நாளில். மகளைப் பார்க்கப் போவது சிறிய காரியமல்ல. உறவைப் பேணுதல் கடமை. ஆனால் அந்த ஒரு நாளுக்காக முழுக் காரையும் கழித்துவிடலாமா என்பதே கேள்வி.

வீண்விரயம் என்றால் அளவு மீறிச் செலவழிப்பது மட்டுமே என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். பயன் மீதமிருக்கும் பொருளைக் கைவிடுவதும் விரயமே அல்லவா? பெட்டரி செய்வதில் ஒவ்வொரு கிலோவாட் மணிக்கும் 61 முதல் 106 கிலோ வரை கரியமில வாயு வெளியாவதாக ஸ்வீடன் நாட்டு ஆய்வு நிறுவனமொன்று 2019ல் மதிப்பிட்டது. அப்படியானால் 40 கிலோவாட் மணிப் பெட்டரி ஒன்றுக்கே இரண்டரை முதல் நாலேகால் டன் வரை ஆகிறது. புதிய கார் வாங்கினால் இதோடு இரும்பு, கண்ணாடி, இருக்கை, டயர் எல்லாம் புதிதாகச் செய்தாக வேண்டும். பழைய காரில் அவை ஏற்கெனவே இருக்கின்றன. ஜப்பானின் நமியே என்ற ஊரில் 2018 முதல் பழைய தொகுதிகளைச் சோதித்து, நல்லவற்றைச் சேர்த்துப் பெட்டரியாக்கினார்கள். புதியது ஆறரை இலட்சம் யென் என்றால் அப்படிச் செப்பனிட்டது மூன்று இலட்சம். பிந்திய மாடலின் 40 கிலோவாட் மணிப் பெட்டரியைப் பழைய காரில் பொருத்துவோரும் உண்டு. காரும் பெட்டரியும் ஒன்றின் பேச்சு மற்றதற்கு விளங்க, நடுவில் சிறு மின்னணுக் கருவி ஒன்று வேண்டும். கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை அது.

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியபோது இந்தக் கேள்வியே எழவில்லை. இருப்பதைப் பழுது பார்த்தார்கள், ஓட்டினார்கள். 2025 பிப்ரவரியில் கதவு திறந்த பிறகுதான் பழைய கார் திடீரென்று 'உதவாத கார்' ஆகிவிட்டது. காரா மாறியது?

ஆயினும் புதியது வாங்குவதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. துருப்பிடித்த வண்டிக்கு விலையுயர்ந்த பெட்டரி போடுவதும் விரயந்தான். நோயாளியை அடிக்கடி தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் குடும்பம், வழியில் நின்றுவிடாத வாகனத்தைத் தேடுவது அவசியத்தின் பாற்பட்டது. ஆனால் கையில் பணமின்றி, வட்டிக்கு லீசிங் எடுத்து வாங்குகிறவர், 'சுற்றுச்சூழலுக்காக' என்று காரணம் சொல்ல வேண்டாம்.

நமக்கு அதிகக் கவலை தருவது விற்கும் பேச்சுத்தான். லீஃப் காரின் முகப்பில் பெட்டரியின் பலத்தைக் காட்ட 12 கோடுகள் உண்டு. சகோதரரின் காரில் 5தான் மிஞ்சியுள்ளன. கணினிக் கருவியால் அதன் நினைவை அழித்தால், 12 கோடுகளும் சிறிது காலத்துக்கு ஒளிரும்! வாங்கியவர் சில வாரங்களில் பிள்ளைகளோடு நடுவீதியில் நிற்பார். குறையை மறைத்து விற்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்ததை நாம் அறிவோம். அளந்து பார்த்து, "50 கிலோமீட்டர்தான் ஓடும்" என்று சொல்லி விற்றால் விலை குறையும். அந்தக் குறைந்த விலையை முதலில் கணக்கில் எழுதிவிட்டு, பிறகு புதிய காருக்கு எவ்வளவு போதாமல் இருக்கிறதென்று பாருங்கள் என்றோம். சகோதரர் சிறிது நேரம் மெளனமாக இருந்தார்.

"பெட்டரியை மாற்றுகிறேன். கழற்றிய பழையதை என்ன செய்வது? கடற்கரைக் குப்பை மேட்டில்..."

இல்லை, அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பலம் இன்னும் இருக்கிறது. ஜப்பானில் 2021ல் லீஃப் கார்களின் பழைய பெட்டரிகளை இரயில் கடவைகளில் வைத்துப் பரீட்சித்தார்கள். சூரிய மின்சாரத்தைச் சேமிக்கவும் அவை உதவும். ஆனால் முழுப் பெட்டரியில் 350 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம் உண்டு, உயிரைக் குடித்துவிடும். தெரிந்தவரைத் தவிர வேறெவரும் திறக்கக் கூடாது. மகனும் கூடத்தான். மெக்கானிக்கிடம் முதலில் அதைக் கேட்டுவிட்டு, பிறகு விலை பேசுவதாகச் சொல்லி அவர் விடைபெற்றார்.