புயல் நேரத்தில் வீட்டில் இருப்பதும் சுன்னத்தே

 

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

நவம்பர் பிறந்துவிட்டால் நம் கடற்கரை ஊர்களில் எல்லோர் கண்ணும் வானத்தின் மேல்தான். 2018 நவம்பர் 16, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. நள்ளிரவு தாண்டி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் காற்று. விடிந்து பார்த்தால் தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. ரபீஉல் அவ்வல் மாதம், மவ்லிது மஜ்லிஸ் நடந்துகொண்டிருந்த நாட்கள். உங்களுக்கு நினைவிருக்கும்.

ஃபஜ்ரு நேரம் வந்தது. கரண்ட் இல்லை, மைக் இல்லை, மோதினாரால் வரவும் முடியவில்லை. காற்று சற்றுத் தணிந்ததுபோல் தெரிந்தது. பள்ளி வாசலில் நின்று நானே பாங்கு சொன்னேன். யார் காதிலும் விழப்போவதில்லை என்றுதான் நினைத்தேன். எதிர்த் தெருவில் எழுபது வயது தாண்டிய ஒரு பெரியவர் காதில் விழுந்துவிட்டது. முதல் ஸஃபை விடாத மனிதர். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வழியில் ஒரு வீட்டுக் கூரையின் ஓடுகள் சரிந்து அவர் மேல் விழுந்தன. தோள்பட்டை முறிந்தது. உயிரை அல்லாஹ் காப்பாற்றினான். ஆனால் இன்றும் தக்பீர் கட்டும்போது அவருடைய வலது கை காது வரை உயராது.

அவர் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. ஆனால் அன்று என் பாங்கில் ஒரு அறிவிப்பு குறைந்திருந்தது. அதை மத்ரஸாவில் உஸ்தாதின் முன் உட்கார்ந்து ஓதியவன் நான்.

அது என்ன அறிவிப்பு? புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. ஒரு மழை நாளில், அதுவும் ஜும்ஆ நாளில், இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் தம் முஅத்தினைக் கூப்பிட்டு, தொழுகைக்கு வாருங்கள் என்று அழைக்கும் இடத்தில், அவரவர் வீட்டிலேயே தொழுதுகொள்ளும்படி அறிவிக்கச் சொன்னார்கள். மக்கள் திகைத்தார்கள். பாங்கையே மாற்றுகிறாரே! இதைத் தம்மைவிடச் சிறந்தவர், அதாவது பெருமானார் (ஸல்) அவர்களே செய்திருக்கிறார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்கினார்கள். ஜும்ஆ கடமைதான், ஆனாலும் உங்களைச் சேற்றிலும் சகதியிலும் நடக்க வைக்க எனக்கு மனமில்லை என்ற கருத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். கவனியுங்கள், அங்கே இருந்தது வெறும் சேறு. இங்கே ஓடும், தகரமும், அறுந்து கிடக்கும் மின்கம்பியும்!

குளிரும் காற்றுமான ஓர் இரவில் மக்காவுக்கு அருகில் இப்னு உமர் (ரலி) அவர்களும் இப்படியே அறிவித்திருக்கிறார்கள். நம் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களிலும், ஜமாஅத்தை விடுவதற்கு அனுமதியுள்ள காரணங்களில் மழையும், சேறும், இரவில் வீசும் கடுங்காற்றும் இடம்பெற்றிருக்கின்றன.

ஒரு தம்பி கேட்டார்: "ஹஜ்ரத், நூஹ் நபியின் மகன் மலைமேல் ஒதுங்கினான், தப்பவில்லையே. விதி இருந்தால் வீட்டுக்குள்ளும் வரும் இல்லையா?" நல்ல கேள்விதான். ஆனால் நூஹ் (அலை) அவர்கள் எங்கே இருந்தார்கள்? பலகையும் ஆணியும் கொண்டு செய்த கப்பலுக்குள். மகனையும் அதில் ஏறத்தான் கூப்பிட்டார்கள். காட்டிய புகலிடத்துக்கு வர மறுத்தவன் அவன்.

காற்றைக் கண்டு பயப்படுவது ஈமான் குறைவு என்று நினைக்கிறீர்களா? மேகம் இருண்டால் பெருமானார் (ஸல்) அவர்களின் முகமே மாறிவிடும், உள்ளே போவார்கள், வெளியே வருவார்கள், மழை பெய்த பிறகே அமைதி திரும்பும் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஆது கூட்டத்தாருக்கு வந்ததும் மேகம் போலத்தானே வந்தது என்ற அச்சம். காற்றைத் திட்டவும் கூடாது என்று தடுத்தார்கள். அதன் நன்மையைக் கேளுங்கள், தீமையை விட்டுப் பாதுகாப்புத் தேடுங்கள்.

வீட்டில் இருங்கள் என்றால் எந்த வீட்டில்? கான்கிரீட் வீடு என்றால் ஜன்னல் குறைந்த உள் அறையில் இருங்கள். குடிசை, ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால், அன்று மாலை வெளிச்சம் இருக்கும்போதே வெளியேறிவிடுங்கள். சொந்தக்காரர் வீடோ, அரசு புயல் பாதுகாப்பு மையமோ, நம் பள்ளிவாசலோ. எந்த மதத்தவர் வந்தாலும் பள்ளியின் கதவு திறந்திருக்கும். நடுவில் காற்று திடீரென நின்றுபோனால் வெளியே வராதீர்கள். புயலின் கண் கடக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். கஜாவுக்குப் பிறகும் ஆடு மாட்டைப் பார்க்கிறேன் என்று வாசலுக்கு ஓடுகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

மோதினாரிடம் சொல்லிவிட்டேன். நம் பகுதிக்குப் புயல் எச்சரிக்கை வந்து காற்றும் வலுத்தால், வீட்டிலேயே தொழுதுகொள்ளும் அறிவிப்பு நம் பாங்கோடு வரும். ஜும்ஆ நாளாக இருந்தால் வீட்டில் லுஹர் நான்கு ரக்அத் தொழுங்கள். அறிவிப்பு கேட்ட பிறகும் வருவேன் என்று நிற்கும் பெரியவர்களை மகன்களே, பேரன்களே, கையைப் பிடித்து உட்கார வையுங்கள். தொழுகை முடிந்ததும், ஓட்டு வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களின் விவரத்தைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். போன வருடப் பட்டியல் பழையதாகிவிட்டது.

யா அல்லாஹ்! இந்தக் காற்றின் தீமையிலிருந்து எங்களையும், இப்போது கடலில் இருப்பவர்களையும் காப்பாயாக! ஆமீன்.