கதிர் கொய்யும் கைகள்

கேரளத்தின் எர்ணாகுளம், ஆலப்புழை, திருச்சூர் மாவட்டங்களில் கடலின் ஏற்றவற்றத்தோடு உப்புநீர் வந்து போகும் தாழ்நிலங்கள் உள்ளன. பருவமழை உப்பைக் கழுவியபின் அங்கே பொக்காளி நெல் விளைகிறது. அறுவடைக் காலத்தில் இடுப்பளவு நீரில், சேற்றில் கால் புதைய நின்று கதிரை மட்டும் கொய்கிறார்கள். கொய்பவர் பெரும்பாலும் பெண்களே. தாள் நீரிலேயே விடப்படுகிறது. அது மக்கி, அடுத்து அவ்வயலில் வளரும் இறாலுக்கு இரையாகிறது. இறாலின் கழிவு மறுபோக நெல்லுக்கு உரமாகிறது. வேறு உரமும் பூச்சிமருந்தும் அங்கு வேண்டப்படுவதில்லை. வழக்கமான அறுவடை இயந்திரம் அச்சேற்றில் இறங்காது.

இத்தகைய மரபு அழியலாகாது என்று யாவரும் கூறுவர். புவிசார் குறியீடும் அந்நெல்லுக்குக் கிடைத்துள்ளது. ஆயினும், தன் மகள் அந்நீரில் இறங்க வேண்டாம் என்று ஒரு தாய் எண்ணினால் அது மரபுக்குச் செய்யும் துரோகமாகுமா? ஆகாது. பிறர் முதுகின் நோவைப் பண்பாடு என்று போற்றுவதில், போற்றுபவர்க்கு ஒரு வசதி இருக்கிறது. மரபின் பெருமை அனைவர்க்கும் உரியதெனில் அதன் பாரம் மட்டும் சிலருக்கே உரியதாவது எவ்வாறு அறமாகும்? அவ்வரிசியை உண்பவர் தரும் விலையில் கொய்த கைக்குரிய பங்கு முதலில் நிற்கவேண்டும்.

ஆள் கிடைக்காத ஆண்டுகளில் மாணவரும் தன்னார்வலரும் அவ்வயல்களில் இறங்கிக் கதிர் கொய்ததுண்டு. நற்செயலே. ஆனால் அவர்கள் மாலையில் கரையேறிவிடுகிறார்கள். மறுநாளும் அதே நீரில் இறங்குபவள் கூலிக்காரப் பெண்தான்.