பெயர்களைச் சுமக்கும் பெரிய குருவானவர்



கார்த்திகை மாதம் பிறந்ததும் பங்குமனை விறாந்தையில் ஒரு மேசையும் கொப்பியும் போட்டு வைப்பது வழக்கம். மரித்த விசுவாசிகளுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்க விரும்புவோர் வந்து பெயர் கொடுப்பார்கள். கொப்பியின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் மரித்தோர், மறு பக்கம் உயிரோடிருப்போர் என்று பிரித்து வைத்திருப்போம்.

சில வருடங்களுக்கு முன் வாவிக்கரைக் கிராமமொன்றிலிருந்து ஒரு தாயார் வந்தார். "சுவாமி, மகனுக்கு ஒரு பூசை வைக்கணும்" என்றார். நான் பெயரைக் கேட்டுக்கொண்டு மரித்தோர் பக்கத்தில் பேனையை வைத்தேன்.

"அந்தப் பக்கம் எழுதாதீங்க சுவாமி."

"அப்ப இந்தப் பக்கம் எழுதட்டா அம்மா?"

அவர் கொப்பியையே பார்த்துக்கொண்டு நின்றார். "அதுவும் எனக்குச் சொல்ல ஏலாது. தொண்ணூறாம் ஆண்டு கூட்டிக்கொண்டு போனவங்க. எங்க இருக்கான் எண்டு ஆண்டவருக்குத் தெரியும். நீங்க பேரை மட்டும் எழுதுங்க."

குருமடத்தில் எபிரேயருக்கு எழுதப்பட்ட நிருபத்தை ஒரு வருடம் படித்தேன். அந்த நிருபம் எதைப் பற்றியது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

பழைய ஏற்பாட்டில் ஆரோன் அணிந்த உடையைப் பற்றி யாத்திராகமம் 28-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அவருடைய மார்புப் பட்டயத்தில் பன்னிரண்டு கற்கள். ஒவ்வொரு கல்லிலும் இஸ்ராயேலின் புதல்வருள் ஒருவருடைய பெயர். தோள்களிலும் இரண்டு கற்கள், ஒன்றில் ஆறு பெயராக. பரிசுத்த ஸ்தலத்துக்குள் அவர் நுழையும்போது மக்கள் வெளியே நிற்பார்கள். பெயர்கள் மட்டும் அவரோடு உள்ளே போகும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். யாக்கோபின் பன்னிரு புதல்வரும் அதற்கு நெடுங்காலம் முன்பே மரித்துப் போனவர்கள். அவர்களுடைய பெயர் தாங்கிய கோத்திரங்களோ பாளையத்தில் உயிரோடிருந்தன. ஒரே கல்லில், ஒரே பெயரில், மரித்தவரும் உயிரோடிருப்பவரும் சேர்ந்தே இருந்தார்கள். நான் கொப்பியில் கிழித்த கோடு ஆரோனின் நெஞ்சில் இல்லை.

ஆனால் ஆரோனும் மரித்தார். பழைய குருக்கள் பலராயிருந்ததற்குக் காரணம், மரணம் அவர்களை நிலைத்திருக்க விடவில்லை என்பதே என்று எபிரேயர் நிருபம் 7-ஆம் அதிகாரம் சொல்கிறது. மட்டக்களப்பு மண்ணில் இதற்கு வியாக்கியானம் தேவையா? யுத்த காலத்தில் பிடித்துச் செல்லப்பட்ட பிள்ளைகளின் பெயர்களை எழுதிக்கொண்டு முகாம் வாசலுக்கும் அதிகாரிகளிடமும் போய்ப் பரிந்து பேசியது பிரஜைகள் குழு. அதன் தலைவராயிருந்த சந்திரா பெர்னாண்டோ அடிகளார் 1988 யூன் 6-ஆம் நாள், தாம் பணியாற்றிய புளியந்தீவு மரியாள் ஆலய வளவிலே சுட்டுக் கொல்லப்பட்டார். பெயர்களைக் கொண்டுபோன மனிதரே போய்விட்டார்.

இரண்டு வருடங்கள் கழிந்தன. அமெரிக்காவிலிருந்து வந்து, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டம் பழக்கி, இந்த ஊர்க்காரராகவே ஆகிவிட்டவர் இயேசு சபைக் குரு யூஜின் ஜோன் ஹெபர்ட். 1990 ஆகஸ்ட் 15, தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு பையனோடு ஸ்கூட்டரில் புறப்பட்டார். இருவரும் வந்து சேரவில்லை. காணாமற்போனோருக்காக அலைந்த காலத்தில் குருவானவரே காணாமற்போனார். அவருடைய பெயரை எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று அவரை அறிந்தவர்களும் தடுமாறியிருப்பார்கள்.

நமக்காகப் பரிந்து பேசுகிறவர்களுக்கு மரணம் உண்டு. இயேசு ஆண்டவரோ மரணத்துக்குள் போய் அதைக் கடந்தவர். ஆகவே அவருடைய குருத்துவம் வேறொருவர் கைக்கு மாறுவதில்லை. நமக்காகப் பரிந்து பேசவே அவர் எப்பொழுதும் உயிர் வாழ்கிறார் என்பது திருச்சபையின் விசுவாசம். இதைச் சிலர் தப்பாக எண்ணிக்கொள்கிறார்கள். மனமிரங்காத ஒரு பெரிய அதிகாரியின் கந்தோரில் பிதாவானவர் இருப்பது போலவும், மகன் மனுவோடு வாசலில் நிற்பது போலவும் நினைக்கிறார்கள். மகனை அனுப்பியவரே பிதாதானே! காயங்களோடு அவர் பிதாவின் முன் நிற்கிறார். அந்த நிலையே நமக்கான மன்றாட்டு.

அந்தக் காயங்களில்தான் புதிய உடன்படிக்கை எழுதப்பட்டிருக்கிறது. சீனாய் மலையடியில் மோயீசன் மிருக இரத்தத்தில் பாதியைப் பீடத்தின்மேல் ஊற்றினார், பாதியை மக்கள்மேல் தெளித்தார். இராப்போசனத்தில் ஆண்டவர் கிண்ணத்தைக் கையிலெடுத்து, அது தம்முடைய இரத்தத்தினாலான புதிய உடன்படிக்கை என்றார். ஒவ்வொரு பூசையிலும் நாம் கேட்கிற வார்த்தை இது. பழகிப்போனதால் காதில் விழாமலே போகிறது.

இந்தப் புதிய உடன்படிக்கையை முதலில் முன்னறிவித்தவர் எரேமியாஸ் தீர்க்கதரிசி, தம் நூலின் 31-ஆம் அதிகாரத்தில். எபிரேயர் நிருபம் அந்தப் பகுதியை முழுவதுமாக எடுத்தாள்கிறது. புதிய ஏற்பாட்டிலே பழைய ஏற்பாட்டிலிருந்து எடுக்கப்பட்ட பகுதிகளில் மிக நீளமானது அதுவே. வீட்டில் வேதாகமத்தைத் திறந்து அந்த அதிகாரத்தைப் பாருங்கள். உடன்படிக்கை வருவது 31-ஆம் வசனத்தில். அதற்குச் சற்று மேலே, 15-ஆம் வசனத்தில் யார் இருக்கிறார்? ராக்கேல். ராமா ஊரில் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள். பிள்ளைகள் இல்லாமற்போனதால் எந்த ஆறுதலையும் ஏற்க மறுக்கிறாள். அந்த ராமாவில்தான், பபிலோனுக்குக் கொண்டுபோகப்படவிருந்த கைதிகளை விலங்கிட்டு வைத்திருந்தார்கள். எரேமியாசும் அவர்களுக்குள் ஒருவராய் நின்றார் என்று அதே நூலின் 40-ஆம் அதிகாரம் கூறுகிறது. வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாய்த் தங்கியிருந்தவர்களில் 158 பேர் 1990 செப்டம்பர் 5-ஆம் நாள் கொண்டுசெல்லப்பட்டதை அறிந்தவர்களுக்கு ராமா தூரத்து ஊரல்ல.

ராக்கேலை யாரும் அதட்டவில்லை. அழுகையை நிறுத்து, பிறகு உடன்படிக்கை பேசுவோம் என்று ஆண்டவர் சொல்லவில்லை. ஆறுதல் வேண்டாமென்ற அந்தத் தாய் இருக்கிற அதிகாரத்துக்குள்ளேயே புதிய உடன்படிக்கையை வைத்தார். பெத்லெகேமில் குழந்தைகள் கொல்லப்பட்டதை எழுதும்போது மத்தேயு அவளைத்தான் நினைத்தார்.

ஆனால் அந்த உடன்படிக்கையில் தாய்மாரின் நெஞ்சில் முள்ளாகக் குத்துகிற ஒரு வாக்குறுதியும் உண்டு: தம் மக்களின் பாவங்களை ஆண்டவர் இனி நினைவுகூரமாட்டார். "அப்படியென்றால் என் பிள்ளையைக் கொண்டுபோனவனின் பாவமும் மறக்கப்படுமா?" என்று கேட்பவர்களுக்கு நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். கிறிஸ்துவின் இரத்தம் ஆபேலின் இரத்தத்தைவிட மேலானதைப் பேசுகிறது என்று அதே நிருபம் கூறுகிறது. ஆபேலின் இரத்தத்தை வாய்மூடச் செய்கிறது என்று கூறவில்லை. உன் சகோதரன் எங்கே என்று காயினிடம் ஆண்டவர் கேட்ட கேள்வி இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் காயின் மன்னிப்புக்குள் நுழையும் வழி எனக்குத் தெரியவில்லை.

2016-ஆம் ஆண்டில் அரசாங்கமும் சட்டத்தைத் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆள் காணப்படவில்லை என்று கூறும் சான்றிதழ் வழங்க இடம் வைத்தது. எங்கள் கொப்பியில் அதற்குக்கூட இடமிருக்கவில்லை.

அன்று அந்தத் தாயாரின் மகனுடைய பெயரை, நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன். எழுத்துகளில் பாதி இந்தப் பக்கமும் பாதி அந்தப் பக்கமுமாய் விழுந்தன. அவர் முந்தானையில் முடிந்திருந்த காசை எடுத்து மேசையில் வைத்தார். "எத்தனை மணிப் பூசை சுவாமி?" என்று கேட்டார்.

"காலமை ஆறு மணி" என்றேன். ஐந்தரைக்கே வந்து முன் வாங்கில் இருந்தார்.